கவர் பிரிக்காத கரடி

ஒரு காட்டில் ஏகாம்பரம் என்ற கரடி கார் வைத்திருந்தது. கரடிக்கு லைசென்ஸ் கொடுத்தது யார் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். உங்கள் ஊரில் யார் யாருக்கோ கொடுக்கிறார்கள், நான் கேட்டேனா?

கார் வாங்கிப் பல வருஷம் ஆகியும், சீட்டில் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்தது. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம். வெயில் காலத்தில் முதுகு ரோமம் அதில் ஒட்டிக்கொண்டு, எழுந்திருக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். ஏகாம்பரம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும். வீட்டு டிவி ரிமோட்டும் கவருக்குள்தான். எந்தப் பட்டன் எது என்று தெரியாமல் குத்துமதிப்பாக அமுக்குவார்கள்; செய்தி கேட்க நினைத்தால் சமையல் வரும்.

"பிரிச்சா அழுக்காயிடும்டி" என்பதுதான் ஏகாம்பரத்தின் ஒரே பதில். அதன் மனைவி பூங்காவனம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கேட்பதையே விட்டுவிட்டது.

பூங்காவனத்துக்கு அப்போது நிறைமாசம். ஆஸ்பத்திரியோ மலைக்கு அந்தப் பக்கம். வலி எடுத்தால் இந்தக் காரில்தான் மலை ஏறியாக வேண்டும். காரோ கொஞ்ச நாளாக இழுவை இல்லாமல் முனகிக்கொண்டிருந்தது.

"நடுவழியில நின்னுடுச்சுன்னா என் கதி என்னங்க? எனக்கு பயமா இருக்கு. போய் என்னன்னு பாத்துட்டு வாங்க" என்றது பூங்காவனம்.

ஏகாம்பரம் சர்வீஸ் சென்டருக்குப் போனது. டோக்கன் எடுத்து, ஃபாரம் நிரப்பி, முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் உஷாராக உட்கார்ந்து, ஒருவழியாக அதன் முறை வந்தது. டை கட்டிய நரி ஒன்று, பானெட்டைத் திறக்காமலேயே நோயைச் சொன்னது.

"இன்ஜின் ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு சார். வண்டி மூச்சு விட முடியாம திணறுது. மாத்திடலாம். அப்படியே வீல் அலைன்மென்ட், ஏசி கிளீனிங், இன்டீரியர் கிளீனிங் எல்லாம் ஒரே பேக்கேஜ். அந்த சீட் கவரையெல்லாம் உருவிப் போட்டுட்டு சும்மா பளபளன்னு..."

"எதை உருவிப் போட்டுட்டு?" என்று ஏகாம்பரம் எழுந்தது. போன தடவை இவர்கள்தான் ஸ்டியரிங் கவரைக் கிழித்துக் குப்பையில் போட்டார்கள். அந்தத் துக்கத்தில் அது தேனைக்கூடத் தொடாமல் கிடந்தது. இந்த முறை நரி கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியது.

வழியில் ஒரு கடையில் புது ஃபில்டர் வாங்கியது. வீட்டு வாசலில் காரை நிறுத்தி, போனில் ஒரு வீடியோவைத் திறந்தது. அதில் ஒரு குரங்கு குதித்துக் குதித்துப் பேசியது.

"வணக்கம் மக்களே! ஏர் ஃபில்டர் மாத்துறது பல்லு விளக்குற மாதிரி. பானெட்டைத் திறங்க. இந்தக் கறுப்பு டப்பாதான். கிளிப்பை நெம்பிட்டு மூடியைத் தூக்குங்க. பழசை எடுத்துட்டு, டப்பாவுக்குள்ள ஈரத்துணியால துடைங்க. புது ஃபில்டரைக் கவரைப் பிரிச்சு அதே மாதிரி உள்ள வைங்க. கிளிப்பை மாட்டுங்க. அவ்ளோதான்! மறக்காம பெல் பட்டனை..."

உள்ளதைச் சொல்ல வேண்டும், வேலை அவ்வளவு சுலபம்தான். ஏகாம்பரம் கிளிப்பை நெம்பிப் பழைய ஃபில்டரை வெளியே எடுத்தது. மடிப்புக்கு மடிப்பு செம்மண், சருகு, செத்த ஈசல்.

"ஏ பூங்கா, ஓடியா! கவர் போடாம வச்சா ஒரு பொருள் என்ன கதிக்கு ஆளாகுதுன்னு வந்து பாரு!"

நிறைமாசத்தில் ஓடி வர முடியாது என்று பூங்காவனம் உள்ளேயிருந்து பதில் சொன்னது.

புது ஃபில்டர் பாலிதீன் கவருக்குள் பூ மாதிரி வெள்ளையாக இருந்தது. ஏகாம்பரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மனசு வரவில்லை. "குரங்குக்கு என்ன போச்சு? ஓசியில வருது, பிரிக்குது" என்று முணுமுணுத்தது. பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "உன் ஊசி எங்க வச்சிருக்க?" என்று கேட்டது.

"எதுக்குங்க?"

"எல்லாம் நல்லதுக்குத்தான்."

ஊசியை வாங்கிக்கொண்டு போய் என்னவோ செய்துவிட்டு, ஃபில்டரைக் கவரோடு டப்பாவுக்குள் வைத்துக் கிளிப்பை மாட்டியது. கார் ஸ்டார்ட் ஆனது. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது.

மறுநாள் மத்தியானம் பூங்காவனத்துக்கு வலி எடுத்தது. பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஏகாம்பரம் பறந்தது. சமவெளியில் கார் ஒழுங்காகத்தான் போனது. மலையடிவாரத்தில் இருமியது. முதல் வளைவில் முக்கியது. அடுத்த வளைவில், "இதுக்கு மேல என்னால ஆகாதுப்பா" என்பதுபோல் நின்றே போனது.

ஏகாம்பரம் இறங்கி, முறைப்படி முதலில் டயரை உதைத்தது. பின்னால் லாரியில் வந்த எருமை ஹாரன் அடித்து ஓய்ந்துபோய், "பெட்ரோல்ல தண்ணி கலந்திருப்பான்" என்றது. ஒரு முயல், "கண்ணு பட்டிருக்கு, எலுமிச்சம்பழம் சுத்திப் போடுங்க" என்றது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருத்தரும் தள்ளிவிட வரவில்லை.

பின் சீட்டிலிருந்து பூங்காவனம் மூச்சு வாங்கக் கேட்டது. "என்னங்க... அந்த ஃபில்டர் கவரைப் பிரிச்சீங்களா?"

ஏகாம்பரம் மறுபடியும் டயரைப் பார்த்தது.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"புதுசுடி அது."

"பிரிச்சீங்களா, இல்லையா?"

"அதான் ஊசியால ஓட்டை போட்டிருக்கேன்ல! காத்து போகும்டி!"

பூங்காவனம் ஒரு அலறு அலறியது. அது வலிக்கு அலறியதா புருஷனுக்கு அலறியதா என்று எருமைக்கே புரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, பானெட்டைத் திறந்து, கிளிப்பை நெம்பி, ஃபில்டரை எடுத்து, கவரைப் பல்லாலேயே கிழித்து எறிந்துவிட்டு, திரும்ப மாட்டியது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆனால் பிள்ளை காத்திருக்கத் தயாராக இல்லை. டியூட்டிக்கு ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்த மான் நர்ஸம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "இனி எங்கயும் போக முடியாது, பின் சீட்டுல படுங்கம்மா" என்று கதவைச் சாத்தியது.

ஏகாம்பரம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தது. ரோட்டோரத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதது. "கடவுளே, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். தாயும் பிள்ளையும் நல்லபடியா பிழைச்சா, வீட்டுல இருக்குற அத்தனை கவரையும் பிரிச்சிடறேன். ரிமோட் கவரையும் சேர்த்துத்தான் சொல்றேன்!"

உள்ளே குட்டி வீலென்று கத்தியது. கதவு திறந்தது.

"பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் சௌக்கியம்" என்ற நர்ஸம்மா, ஈரத்துணியால் சீட்டை ஒரு இழுப்பு இழுத்தது. கறையெல்லாம் ஒரே துடைப்பில் போய்விட்டது. "நல்ல வேளை சார், சீட்டுல கவர் இருந்துச்சு. எங்க ஆஸ்பத்திரி பெட்டுகூட இவ்வளவு சுத்தமா இருக்காது. முன்யோசனைக்காரர்தான் நீங்க!"

ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு குட்டியைப் பார்த்தது. அடுத்து சீட்டைப் பார்த்தது. வேண்டுதல் அந்த இடத்திலேயே காற்றோடு போயிற்று.

"பாத்தியாடி! பாத்தியா!"

அந்த ஃபில்டர் கவர் இல்லாவிட்டால் இந்த சீட் கவரே தேவைப்பட்டிருக்காது என்று சொல்லப் பூங்காவனம் வாயைத் திறந்தது. அசதியில் சத்தம் வரவில்லை. அதற்குள் எருமை லாரி அடுத்த ஊருக்கே சேதியைக் கொண்டுபோய்விட்டது. குரங்கு புது வீடியோ போட்டது: "மக்களே, தயவுசெய்து சீட் கவரைப் பிரிக்காதீங்க!" நரி தன் கடை வாசலில் "பிரசவ காலப் பாதுகாப்புக் கவர் பேக்கேஜ்" என்று போர்டு மாட்டியது. பேர் சூட்டும் விழாவில் ஏகாம்பரத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதுவும் கவரோடுதான்.

விழா முடிந்ததும் ஏகாம்பரம் ஒரு சின்ன மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தது. பாலிதீன் கவருக்குள் பளபளத்தது.

"குட்டிக்கு வாங்கினேன். பூங்கா, உன் ஊசி எங்க வச்சிருக்க?"

பூங்காவனம் நிதானமாக எழுந்து, தையல் பெட்டியைத் திறந்தது.

"கிட்ட வாங்க, தரேன்."

அதை எங்கே தந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அலறல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வரை கேட்டதாம். குட்டி வெறும் மெத்தையில் சுகமாகத் தூங்கியது.

நீதி: முட்டாள்தனத்தைப் பாதியில் விடாதே, கடைசி வரை செய்தால் அதற்குப் பேர் முன்யோசனை. ஊசியை மட்டும் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்.