கம்பி சாரின் அரை லிட்டர்

பெங்களூரில் உள்ள அத்தனை கார் சொந்தக்காரர்களையும் வரிசையாக நிறுத்தி விசாரித்தாலும், தன் வண்டியின் எஞ்சின் ஆயிலைக் கம்பி சாரைவிட அதிக தடவை பார்த்தவர் ஒருவர்கூட அகப்பட மாட்டார். இது சும்மா சொல்வதல்ல. நான் எண்ணியிருக்கிறேன்.

எண்ணுவது என் வியாதி. மல்லேஸ்வரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டுக்குப் பதினேழு படிகள். சாம்பாரில் என் பங்குக்கு வரும் முருங்கைக்காய்த் துண்டு மூன்று. நான்கு வந்துவிட்டால் வீட்டில் யாருக்கோ இரண்டுதான் கிடைத்திருக்கிறது என்று கவலைப்பட்டு, சோறு இறங்காது. இப்படிப்பட்டவனின் ஜன்னலுக்கு நேர் கீழே கம்பி சார் கார் நிறுத்தியது என் விதி.

கீழ் வீட்டுக்காரர் அவர். பெயர் ஏதோ இருந்தது. தபால்காரருக்கு மட்டும்தான் அது தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் கம்பி சார். புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர், பெயரைக் கேள்விப்பட்டு வந்து, "தூணுக்குப் போடற கம்பி என்ன விலை சார்?" என்று கேட்டாராம். அரை மணி நேரம் எஞ்சின் ஆயிலைப் பற்றிக் கேட்டுவிட்டு, போகும்போது சாருக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். எஞ்சினுக்குள் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்று பார்க்கப் பக்கவாட்டில் ஒரு மெல்லிய எஃகுக் கம்பி செருகியிருக்கும். அதை உருவித் துடைத்து, மறுபடி செருகி உருவினால், எதுவரை நனைந்திருக்கிறதோ அதுதான் அளவு. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. நடுவில் ஒரு லிட்டர். உலகத்துக்கு இந்த இரண்டு கோடு போதும். கம்பி சாருக்குப் போதவில்லை. நடுவில் ரம்பத்தால் சன்னமாகக் கீறி இருபது பாகமாகப் பிரித்திருந்தார். ஒரு கீறல் ஐம்பது மில்லி.

காலையில் ஆறு மணிக்கு ஒரு தடவை. கடைக்குப் போய்வந்த பிறகு ஒரு தடவை. சாயங்காலம் ஒரு தடவை. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் முதலில் ஒரு துடைப்பு. செருகி உருவி, பார்த்து, ஒரு துடைப்பு. சந்தேகத்துக்கு இன்னொரு முறை செருகி உருவி, பார்த்து, ஒரு துடைப்பு. மூன்றாவது முறை பார்த்த பிறகு, உள்ளே போகும் கம்பி அழுக்காகப் போகக்கூடாது என்று கடைசியாக ஒரு துடைப்பு.

"எதுக்கு சார் மூணு வாட்டி?" என்று ஒரு நாள் மாடியிலிருந்தே கேட்டேன். பானெட்டைத் திறக்கும்போது அது போடும் 'கிர்ர்ர்ரீச்' சத்தத்தில் என் தூக்கம் தினமும் ஆறு மணிக்குச் செத்துக்கொண்டிருந்தது.

"டாக்டர் கிட்டயே ரெண்டாவது அபிப்பிராயம் கேக்கறோம் சார்" என்றார், நிமிராமலே. "இது எஞ்சின். மூணாவதும் கேக்கணும்."

பார்த்ததை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதுவார். தேதி, நேரம், கீறல். 'குறிப்பு' என்று கடைசியில் ஒரு கட்டம். அதில் 'மழை', 'மனக்கலக்கம்' என்றெல்லாம் இருக்கும். மனக்கலக்கம் யாருக்கு, தனக்கா எஞ்சினுக்கா என்பதை அவர் தெளிவுபடுத்தியதில்லை.

நான்கு மாதத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுவார். எந்த மெக்கானிக்கையும் தொட விடமாட்டார். வண்டிக்கடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, நட்டைக் கழற்றி, பழைய ஆயிலை ஒரு எனாமல் பேசினில் பிடிப்பார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். தெருவில் போகிறவர்கள் அந்தக் கால்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். கால்களும் பதிலுக்கு ஆடும்.

அவர் மனைவி சரோஜாம்மாவுக்கு வண்டியின் மேல் கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆனேக்கல்லில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அதில்தான் போவார்கள். முழங்கால் வலியோடு பஸ் ஏறுவது அவரால் முடியாத காரியம். அவருடைய கோபமெல்லாம் துணிகளைப் பற்றியது.

"ஏங்க, தலகாணி உறை எங்க?"

"எந்த உறை?"

"நீலப் பூ போட்டது."

"அதுவா… நல்லா உறிஞ்சுது சரோஜா."

பனியன், துண்டு, ஜன்னல் திரை, பாதி வேட்டி என்று எல்லாம் கம்பி துடைக்கப் போயிற்று. கொடியில் காயும் கறுப்புத் துணிகளை நான் மாடியிலிருந்து எண்ணுவேன். ஒரு தடவை இருபத்து மூன்று. அன்று சரோஜாம்மா முற்றத்தின் நடுவில் நின்று வெடித்தார்.

"அந்த வண்டி ஆயில் குடிக்குது, ஆயில் குடிக்குதுன்னு ஆறு வருஷமா சொல்றீங்க. குடிக்கிற வண்டிய எதுக்கு வெச்சிருக்கீங்க? குடுத்துத் தொலைங்களேன்!"

அடிபட்ட குரலில் கம்பி சார் சபதம் போட்டார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "இன்னிக்குப் புது ஆயில் ஊத்தறேன். அடுத்து மாத்தறதுக்குள்ள அரை லிட்டர் குறைஞ்சுதுன்னா, எஞ்சின் போச்சுன்னு அர்த்தம். நானே வித்துடறேன். மாடி சார் சாட்சி."

மாடி சாருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. 'கிர்ர்ர்ரீச்' இல்லாத விடியற்காலை! நானும் ஒரு நோட்டு போட்டேன்.

ஆயில் இறங்கியது. பதினோரு நாளைக்கு ஒரு கீறல் என்று, கடிகாரம் மாதிரி இறங்கியது. இறங்க இறங்கக் கம்பி சாரின் கன்னமும் இறங்கியது. நூற்றுப் பன்னிரண்டாம் நாள் காலை பத்தாவது கீறலில் வந்து நின்றது. சரியாக அரை லிட்டர். அவர் நோட்டைப் பார்த்தேன். 'குறிப்பு' கட்டத்தில் ஒன்றுமே எழுதவில்லை.

சொன்ன சொல் தவறாத மனிதர். சந்தாபுராவிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டார். பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து, பாகம் பாகமாக விற்கும் மனிதர். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்.

"ஏனு சமாச்சார சார்? இதானா பார்ட்டி?" என்று வண்டியின் தலையில் தட்டினார். "நாலு மாசத்துல அரை லிட்டரா? இது கார் இல்ல சார், பஜ்ஜிக் கடை. டயரும் கண்ணாடியும் நான் எடுத்துக்கிறேன். மத்தது எடைக்கு."

எடைக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் கம்பி சார் வண்டியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "கடைசியா ஒரு தடவை பாத்துக்கறேன்" என்றார்.

"பாருங்க சார். சும்னே எதுக்கு அழுவுறீங்க?" என்றார் சந்தாபுராக்காரர்.

"நான் எங்க அழுவறேன்? ஆயில் வாசனை கண்ல படுது."

பானெட் 'கிர்ர்ர்ரீச்' என்றது. துடைக்கத் துணி தேடினார். கைக்கு எதுவும் அகப்படவில்லை. அப்போது சரோஜாம்மா உள்ளேயிருந்து வந்தார். கையில் ஒரு துண்டு. மடிப்புக் கலையாத, வெள்ளை வெளேர் என்ற புதுத் துண்டு. தீபாவளிக்கு வந்தது, அலமாரியின் மேல் தட்டில், இவர் கைக்கு எட்டாமல் ஒளித்து வைத்திருந்தது.

"இந்தாங்க. இன்னிக்கு இதுலயே துடைங்க."

கம்பி சார் அந்தத் துண்டையும் அந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வழக்கம்போல நான்கு துடைப்பு துடைத்தார். துண்டைப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

சாட்சி என்ற முறையில் கீழே இறங்கி வந்திருந்த நான் அந்தத் துண்டைப் பார்த்தேன். அதுவரை நான் பார்த்த துடைப்புத் துணிகளெல்லாம் ஏற்கெனவே கறுத்தவை. புதுக் கறுப்பு எது, பழைய கறுப்பு எது என்று தெரியாது. இது வெள்ளை. நான்கு துடைப்பில் என் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஊறி, பரவிக்கொண்டே இருந்தது. என் தலைக்குள் எண்கள் ஓட ஆரம்பித்தன.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க!" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "சரோஜாம்மா, இருமல் மருந்து பாட்டில் மூடி இருக்கா? அஞ்சு மில்லி கோடு போட்டது?"

"யாருக்குங்க இருமல்?"

"வண்டிக்கு."

மூடி வந்தது. கம்பியைத் துணியில் துடைக்காமல், விரலிடுக்கில் வழித்து மூடியில் விடச் சொன்னேன். செருகு, உருவு, வழி. ஒன்று, இரண்டு, மூன்று. சந்தாபுராக்காரர் பீடியை அணைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பதினெட்டாவது தடவை மூடியில் ஐந்து மில்லி கோடு நிரம்பியது.

"சார், ஒரு நாளைக்கு நாலு தடவை பாக்கறீங்க. தடவைக்கு நாலு துடைப்பு. பதினாறு. நூத்திப் பன்னெண்டு நாள். மொத்தம் ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்திரெண்டு துடைப்பு. பதினெட்டுத் துடைப்புக்கு அஞ்சு மில்லி. கூட்டிப் பெருக்கினா நானூத்தித் தொண்ணூத்தி எட்டு மில்லி!"

சந்தாபுராக்காரர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்.

"வண்டி குடிக்கல சார்" என்றேன். "துணிதான் குடிச்சிருக்கு."

கம்பி சார் மூடிக்குள் எட்டிப் பார்த்தார். "அரை லிட்டருக்கு ரெண்டு மில்லி இடிக்குதே சார்?" என்றார்.

"அது உங்க நெத்தியில ஒட்டியிருக்குங்க" என்றார் சரோஜாம்மா.

சந்தாபுராக்காரர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. ஆனால் கம்பி சார் சும்மா ஒப்புக்கொள்கிற ஆளில்லை. நிரூபணம் வேண்டும் என்றார். முடிவாயிற்று: முப்பது நாள் வண்டி ஓடும், கம்பியை யாரும் தொடக் கூடாது. பானெட்டை நூலால் கட்டி ஏழு முடிச்சுப் போட்டேன். அளவு மறுபடி ஒரு கீறல் முழுக்க இறங்கினால் வண்டி சந்தாபுராவுக்கு. கம்பி சார் அந்த ஐந்து மில்லியைத் திரும்ப எஞ்சினுக்குள் ஊற்றிய பிறகுதான் நூலைக் கட்ட விட்டார்.

அந்த முப்பது நாள் நான் பட்ட பாடு! காலை ஆறு மணிக்குச் செய்ய வேலையில்லாமல் மனிதர் பதினேழு படி ஏறி என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? எங்கள் தண்ணீர்த் தொட்டியில் துடைப்பக்குச்சியை விட்டு, "நேத்தைவிட ரெண்டு விரல் கம்மி" என்றார். மண்ணெண்ணெய் டின்னில் குச்சி. ஊறுகாய் ஜாடியில் குச்சி. என் மனைவி கொடுத்த காப்பியில் ஸ்பூனை விட்டு உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நுரை அடங்கினப்புறம் பாத்தாதான் சரியான அளவு" என்றார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆனேக்கல் போய்த் திரும்பியதும், முடிச்சு ஏழும் இருக்கிறதா என்று என்னை எண்ண வைப்பார்.

"வண்டி சத்தம் இன்னிக்கு ஒரு மாதிரி இருந்துச்சு சார்" என்பார்.

"எப்படி?"

"ஏன் பாக்கலைன்னு என்னைக் கேக்கற மாதிரி."

முப்பதாம் நாள் சந்தாபுராக்காரர் வந்தார். முடிச்சுகளை அவிழ்த்தேன். கம்பியைச் சந்தாபுராக்காரரே உருவினார். ஒரே துடைப்பு. செருகி, உருவி, வெயிலில் பிடித்தார். எல்லோரும் தலையை நீட்டினோம். பழைய இடத்திலிருந்து ஒரு மயிரிழை. அதுவும் நான் கண்ணாடி போட்ட பிறகுதான் தெரிந்தது.

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு சார்" என்றார் சந்தாபுராக்காரர் வருத்தத்தோடு. "இன்னும் பத்து வருஷத்துக்கு என்னைக் கூப்பிடாதீங்க."

கம்பி சார் வண்டியின் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோ" என்றார். சரோஜாம்மா தன்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து, "சரி, விடுங்க" என்றார். நான் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு விதி என்று ஒன்று வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒரே பார்வை, ஒரே துடைப்பு. காவலுக்கு நான். முப்பத்தோராவது நாள் காலை ஆறு மணிக்கு அவர் மாடிக்கு வரவில்லை. பானெட் சத்தமும் இல்லை. ஆசைப்பட்ட அமைதிதான். ஆனாலும் ஐந்து ஐம்பதுக்கே விழிப்பு வந்து, ஜன்னலருகில் உட்கார்ந்து, வராத சத்தத்துக்காகக் காத்திருந்தேன். காப்பி ஆறிப்போயிற்று.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை காலையில் நான் கீழே இறங்கியபோது கம்பி சார் வண்டியின் முன்னால் நின்றிருந்தார். கை இரண்டும் பின்னால் கட்டியிருந்தது. பின்னால் கட்டிய கையில் அந்த வெள்ளைத் துண்டின் ஒரு முனை தெரிந்தது. என்னைப் பார்த்ததும், "சும்மா நிக்கறேன் சார்" என்றார்.

"நில்லுங்க" என்றேன். வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு, எதிர்வீட்டு சம்பங்கி மரத்தில் எத்தனை பூ என்று எண்ண ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால், மிக மெதுவாக, 'கிர்ர்ர்ரீச்' என்றது.

மரத்தில் நாற்பத்தொரு பூ. அன்று போன ஆயில் எவ்வளவு என்று என் நோட்டில் எழுதவில்லை.