தேங்காய்ப் பாலில் ஆறு கோடு

நோன்பு மாதத்தில் பிற்பகல் அசர் தொழுகைக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் இடையில் ஒரு மனிதன் எந்த முக்கியமான முடிவும் எடுக்கக் கூடாது. வயிறு காலி, நாக்கு வறட்சி, ஆனால் புத்தி மட்டும் மிகக் கூர்மையாக இருப்பதாகத் தோன்றும் நேரம் அது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், அப்படியொரு நேரத்தில், கல்முனையில் எங்கள் பள்ளிவாசல் கஞ்சிக் கொட்டிலில் நின்றுகொண்டு, எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டுத் தேங்காய்ப் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று விஞ்ஞானபூர்வமாக நிரூபித்தவன் நான். பெண்ணின் தகப்பனார் பக்கத்தில்தான் நின்றார்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. கொழும்பில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒன்றரை வருடம் வில்லை தேய்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். (வில்லையைத் தேய்த்ததைவிடக் கடையின் தரையைத் தேய்த்ததுதான் அதிகம். இதை ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.) சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். மீன் வாங்கப் போனாலும் அதை எடுத்து மீனின் கண்ணைப் பார்ப்பேன். மீன்காரர்கள் என்னைக் கண்டால் பெட்டியை மூடிக்கொள்வார்கள்.

ஊரின் பெரிய வயல்காரரான ஆதம்பாவா போடியாரின் மகள் சபியாவை எனக்குப் பேசியிருந்தார்கள். பெருநாள் கழிந்ததும் கலியாணம். நான் அவளைச் சரியாகப் பார்த்ததில்லை. ஒருமுறை சந்தையடியில் அவர்கள் மாட்டுவண்டி போனபோது, திரைச்சீலையை இழுத்து மூடிய ஒரு கையைப் பார்த்தேன், அவ்வளவுதான். அந்தக் கையை நம்பித்தான் சம்மதம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். ஆகவே போகிற வீட்டில் முதலிலேயே ஒரு நல்ல பெயர் எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு.

அந்த வருடம் நோன்புக் கஞ்சியைப் பற்றி ஊரெல்லாம் முணுமுணுப்பு. பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வீடு தேங்காய்ப் பால் கொடுக்கும். யாரோ பாலில் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள், கஞ்சி தண்ணீராக ஓடுகிறது என்று பேச்சு. ஆனால் பாலைச் சோதிப்பது எப்படி? எல்லோரும் நோன்பு. நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பலாம் என்று ஒரு கட்சி, அதுவும் கூடாது என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் அசருக்குப் பிறகு பள்ளிவாசல் திண்டில் உட்கார்ந்து வாதாடும். நான் இடையில் புகுந்து, "நாக்கு எதுக்கு? கண்ணால பாத்தே சொல்லலாம்" என்றேன். பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உதுமான் மரைக்கார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செய்ங்க தம்பி, பாப்பம்" என்றார்.

செய்தேன். கருவியின் தத்துவம் எளிது. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் ஒரு தீப்பெட்டி மட்டையின் தடிப்புக்கு இடைவெளி. மேலே ஒரு புனல். ஊற்றும் பால் அந்த இடைவெளியால் ஓடிக் கீழே கிண்ணத்தில் விழும். ஒரு பக்கம் டோர்ச் பல்பு. அதன் முன்னால் ஒரு தாளில் ஆறு கோடுகள்: முதல் கோடு விரல் தடிப்பு, ஆறாவது மயிரிழை. மறுபக்கம் வாப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடி வில்லை. நல்ல பால் ஓடினால் ஒரு கோடும் தெரியாது. தண்ணீர் கூடக் கூடத் தடித்த கோட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிய வரும். பால் ஓடும்போதே கணக்குத் தெரிந்துவிடும்.

முதலில் செய்தது ஒரு முழ நீளம் வந்தது. அதைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றால் வேட்டைக்குப் போகிறவன் போல இருக்கும். பிறகு சவரக் கண்ணாடியை உடைத்து உள்ளே சாய்வாக வைத்து, வெளிச்சத்தை ஒரு மடிப்பு மடித்து, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடக்கினேன். மெல்லிய கண்ணாடித் துண்டுகளைப் பக்கத்து ஊரான பாண்டிருப்பில் படங்களுக்குச் சட்டம் போடுகிற ஒருவர் வெட்டித் தந்தார். ஒழுக்கு நிற்கவில்லை. கோதுமை மாப் பசை கரைந்தது, தார் நாறியது, கடைசியில் தேன்மெழுகு நின்றது. அந்த மெழுகு நின்ற நாள் நான் அடைந்த சந்தோஷத்தை இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கோடுகளுக்குக் கணக்கு வைக்க உம்மாவிடம் நல்ல பால் கேட்டேன். உம்மா முதல் பிழிவில் வந்த கட்டிப் பாலைத் தந்தார். அதில் ஒரு கோப்பை எடுத்து, ஒவ்வொரு கோப்பையாகத் தண்ணீர் விட்டு, கோட்டுக்கு ஒரு கோப்பை என்று குறித்துக்கொண்டேன். தேங்காய்ப் பால் என்றால் அது ஒன்றுதான் என்பது என் எண்ணம். அடுப்படிப் பக்கம் அதுவரை சாப்பிட மட்டுமே போயிருக்கிறேன்.

சோதனைக்கு வேண்டுமென்றே போடியார் வீட்டு முறை வரும் நாளைத் தேர்ந்தெடுத்தேன். அவர் வீட்டுப் பால் ஊருக்கு முன்னால் முதல் பரிசு வாங்க வேண்டும், அதை அறிவிப்பது நானாக இருக்க வேண்டும் என்பது திட்டம்.

சித்திரை வெயில். பெரிய கஞ்சிக் கிடாரத்துக்குக் கீழே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. கஞ்சி காய்ச்சும் அசனார் காக்கா (ஊருக்கே அவர் அண்ணன் முறை) வாசத்துக்குப் போடும் ரம்பை இலை வெட்டப் போயிருந்தார். இது முக்கியம். மிச்சமிருந்த நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் கஞ்சி குடிக்கத் தெரிந்தவர்கள், காய்ச்சத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. போடியார் பின்னால் வர, அவர் வீட்டு வேலையாள் ஒரு பெரிய பானையைக் கொண்டுவந்து இறக்கினார். நான் பிஸ்மி சொல்லி ஒரு கோப்பை அள்ளி ஊற்றினேன். வில்லையில் கண்ணை வைத்தேன்.

ஆறு கோடும் தெரிந்தது.

அந்த இடத்தில் "கருவியில் கோளாறு" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கருவியில் கோளாறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"என்ன தம்பி தெரியிது?" என்றார் மரைக்கார்.

"ஆறு கோடு. ஒரு பங்கு பாலுக்கு ஆறு பங்கு தண்ணி."

போடியார் மெதுவாகக் கதைக்கிறவர். "கண்ணாடிய வடிவாத் தொடச்சிட்டுப் பாருங்க மகன்" என்றார். அவர் என்னை மகன் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மரைக்காரையும் பார்க்கச் சொன்னேன். அவரும் எண்ணினார். ஆறு. அத்தோடு விட்டேனா? நிமிர்ந்து நின்று, "கண்ணாடி சொந்தபந்தம் பாக்காது மாமா" என்று வேறு சொன்னேன்.

போடியாரின் முகம் சுருங்கிப் போனது. வேலையாளிடம், "பானையைத் தூக்கு, ஊட்டுக்குக் கொண்டு போ" என்று சொல்லிவிட்டு, பின்னாலேயே நடந்தார்.

சிறிது நேரத்தில் அசனார் காக்கா ரம்பையோடு வந்தார். கிடாரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"கப்பிப்பால் எங்க?"

"அதென்ன பால்?" என்றேன்.

"தேங்காய ரெண்டாந்தரம் மூண்டாந்தரம் தண்ணி விட்டுப் பிழியிற பால். அதுலதானே அரிசிய வேக வைக்கிற. முதல் பிழியிற தலைப்பால் கடைசியிலதான் ஊத்துற. முதல்ல ஊத்தினா திரிஞ்சி எண்ணெயாப் போகும். வெயிலுக்குப் புளிச்சிடுமெண்டு அதைப் பொறகுதான் ஊட்டுலயிருந்து அனுப்புவாங்க." பிறகு என் பிஸ்கட் டின்னைப் பார்த்தார். "இதென்னது?"

நான் டின்னை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன். அதற்குள் கொட்டிலின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் கேட்டது. மாமியார் ஆகப்போகிறவர். பேசி வைத்த மருமகனோடு நேரே கதைப்பது வழக்கமில்லை, ஆகவே வேலிக்கு மேலால் ஒரு சிறிய பித்தளைப் பானையை நீட்டி அசனார் காக்காவிடம் கதைத்தார்.

"காக்கா, தலைப்பால் இரிக்கி. அந்தத் தம்பிட கொழாயில ஊத்திப் பாத்துட்டே எடுங்க. கப்பிப்பால் இனி இல்ல. கழிச்ச பாலெண்டு இவர் மாட்டுக் கண்டுகளுக்கு ஊத்திட்டார்."

அன்றைக்கு அரிசி கிணற்றுத் தண்ணீரில் வெந்தது. அந்த நோன்பு முழுவதிலும் ஊர் குடித்த மிக மோசமான கஞ்சி அதுதான். ஒவ்வொருவரும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். (நான் தூணுக்குப் பின்னால் பேரீச்சம்பழத்தோடு இருந்தேன்.)

பிறகு பத்து நாள் போடியார் வீட்டிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வாப்பா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். உண்மையைச் சொன்னால், வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. வண்டித் திரையை மூடிய அந்தக் கை வேறு யாருக்கோ சோறு போடும் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மரைக்கார் செய்தி கொண்டுவந்தார். கலியாணத்துக்குச் சம்மதமாம். ஒரே ஒரு நிபந்தனையாம், அந்தக் கருவி மாப்பிள்ளையோடு வர வேண்டுமாம். அப்படியே கலியாணத்தன்று பெட்டியோடும் பாயோடும் பிஸ்கட் டின்னும் ஊர்வலமாகப் போனது.

மறுநாள் காலை என் முன்னால் ஒரு தட்டம் வந்தது. அதில் இரண்டு கண்ணாடிக் கோப்பைகள், இரண்டிலும் வெள்ளையாக ஏதோ. நீட்டிய கை எனக்குத் தெரிந்த கை. என் மனைவி என்னோடு கதைத்த முதல் வார்த்தை இது:

"ரெண்டும் ஒரே தேங்காய்தான். எது கள்ளப்பாலெண்டு பாத்துச் சொல்லுங்க."

"அண்டைக்குப் பிழிஞ்சது நீங்களா?" என்றேன்.

"ஓம். நோன்போட முப்பது தேங்காய். கை வீங்கிப் போச்சி. எங்கட கண்டுக்குட்டிதான் வடிவாக் குடிச்சிச்சி."

நான் இரண்டு கோப்பையையும் குடித்தேன். வேறு என்ன செய்வது.

கருவியின் மெழுகு உருகி, கண்ணாடி உதிர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பிஸ்கட் டின்னில் இப்போது சபியா மிளகு வைத்திருக்கிறாள். ஆனால் என் முன்னால் கறியோ தேநீரோ எது வந்தாலும் பேரப்பிள்ளைகள்வரை ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். போன நோன்பில் ஒரு நாள் வீட்டில் கஞ்சி காய்ச்சினார்கள். நான் கோப்பையைக் கையில் எடுத்ததும் சபியா பாயின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"எத்தினை கோடு?"

"ஒரு கோடும் தெரியல்ல" என்றேன். கோப்பையின் அடியில் வரைந்திருந்த நீலப் பூ, காம்போடும் இலையோடும் கஞ்சிக்குள்ளால் தெளிவாகத் தெரிந்தது.