கடைமடைக்கு வந்த மெயில்

நல்ல செய்தியைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிற ஆளை, காவிரி பாயும் ஊர்களில் நான் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். அவள் என் அறைத்தோழி. தஞ்சாவூரில் வேலை பார்க்கும் பெண்களுக்கான ஒரு ஹாஸ்டலில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தோம். பெற்றவர்கள் அவளுக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் வார்டன் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அவள் 'கடைமடை'தான்.

காரணம் அவள் ஊர். பேராவூரணிக்கும் தெற்கே, வாய்க்கால் போய் முடிகிற இடம். மேட்டூர் அணையைத் திறந்து பூத்தூவுவதை டிவியில் காட்டினால், சில நாளில் எங்கள் திருவையாற்றுக்குத் தண்ணீர் வந்துவிடும். அவள் ஊருக்குச் சில வருஷம் ஒரு மாதம் கழித்து வரும். சில வருஷம் செய்தி மட்டும் வரும். அங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு அறிவிப்பு வேறு, தண்ணீர் வேறு.

இந்த ஞானத்தை அவள் வயலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்று மெஸ் போர்டில் எழுதியிருந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று பதினோரு மணிக்கே தயிர்சாதம் சாப்பிட்டுவிடுவாள். கும்பகோணம் என்று கொட்டை எழுத்தில் போட்ட பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் கேட்டு, பக்கத்து சீட்டு அம்மாவிடம் கேட்டு, தாராசுரம் தாண்டிய பிறகுதான் நிமிர்ந்து உட்காருவாள். அக்கா கல்யாணத்தில் தாலி ஏறும்வரை பழைய சுடிதாரில்தான் நின்றாளாம். கெட்டிமேளம் அடங்கிய பிறகு உள்ளே போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் தற்காலிக வேலை பார்த்தோம். அந்த ஜூனோடு வேலை முடிகிறது. முடிந்ததும் இரண்டு வீட்டிலும் மாப்பிள்ளை தயார். அந்தச் சமயத்தில்தான் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு முழு உதவித்தொகை என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கட்டணம், சாப்பாடு, தங்குமிடம், விமான டிக்கெட் எல்லாம் அவர்கள் செலவு. இரண்டு பேரும் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தோம்.

நான் மேல்மடைக்காரி. விண்ணப்பப் படிவத்தைத் திறந்த அன்றே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். சித்திரை வெயிலில் ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுப் பார்த்து, வேர்க்குரு வந்து படுத்தேன். என் ஆராய்ச்சி, நெல் வயலில் கிளம்பும் மீத்தேன் வாயுவைக் குறைப்பது பற்றியது. மீத்தேன் என்ற சொல் காதில் விழுந்ததும், நம் குடும்பத்திலேயே ஒருத்தி வயலைத் துளைத்து எரிவாயுக் குழாய் பதிக்கக் கிளம்பிவிட்டாள் என்று பெரியப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைமடை யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அவளுக்கு என்னைவிட ஆசை அதிகம். அவர்கள் வயலில் வருஷா வருஷம் உப்பு ஏறிக்கொண்டே வந்தது. அது ஏன் ஏறுகிறது, எப்படி இறக்குவது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று பள்ளிக்கூட நாளிலேயே முடிவு செய்துகொண்டவள் அவள். அதற்காக விதிமுறைகளைக் கிரயப் பத்திரம் படிப்பது போல வரிவரியாகப் படித்தாள். முழு உதவித்தொகை என்றால் முழுசும்தானா என்று அங்கே உள்ள அலுவலகத்துக்கு மூன்று தடவை எழுதிக் கேட்டாள். மூன்று தடவையும் ஒரு அம்மாள் பொறுமையாக, ஆமாம், முழுசும்தான் என்று பதில் போட்டார்கள். பத்து வருஷத்தில் உங்களை எந்த இடத்தில் காண்கிறீர்கள் என்ற கேள்விக்கு, 'அது மழையைப் பொறுத்தது' என்று எழுதினாள். நான் அழித்தேன். அவள் மறுபடி எழுதினாள். அப்படியே அனுப்பியும் விட்டாள்.

எனக்கு மூன்று வரியில் வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் போட்டேன். அவளிடம் கேட்டதற்கு, பார்ப்போம் என்றாள். அவளுக்கும் இல்லை போலிருக்கிறது என்று எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை. அவள் லேப்டாப் கெட்டுப்போய் என்னுடையதைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தாள். மெயிலை மூடாமல் குளிக்கப் போய்விட்டாள். திரையில் இருந்ததை நான் படித்துவிட்டேன். உதவித்தொகை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. சம்மதம் என்று பத்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த இடத்தில் உள்ளவருக்குப் போய்விடும். ஒன்பது நாள் முடிந்திருந்தது.

நான் நேராக மெஸ்ஸுக்குப் போய் உப்புமா சாப்பிட்டேன். அந்த ஹாஸ்டல் சரித்திரத்தில் உப்புமாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் பதில் போடாவிட்டால் அது எனக்கு வரப்போவதில்லை. அது தெரிந்தும் அரை மணி நேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொறாமைக்குக் கணக்கு வழக்கெல்லாம் கிடையாது. பிறகு என்மேலேயே எரிச்சல் வந்து எழுந்து மாடிக்குப் போனேன். அவள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"மெயில் வந்துருக்குல்ல, ஏன்டி சொல்லல?"

"மெயில்தானே வந்துருக்கு," என்றாள். "மேட்டூர் தொறந்தாச்சுன்னு டிவில சொல்ற மாதிரிதான் அது. எங்க வாய்க்காலுக்கு வந்து சேர்றதுக்குள்ள என்னென்னமோ ஆயிடும். வரட்டும், பாப்போம்."

எது வரட்டும் என்று கேட்டேன். டிக்கெட் வரட்டும் என்றாள். சம்மதம் சொல்லாமல் டிக்கெட் எப்படி வரும் என்றேன். நிஜமாகத் தருகிறவர்கள் எப்படியும் தருவார்கள் என்றாள். முத்திரையைக் காட்டினேன், கையெழுத்தைக் காட்டினேன். இதைவிடப் பெரிய முத்திரை போட்ட அரசாணையெல்லாம் தங்கள் ஊருக்கு வந்திருக்கிறது என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கடைசியில் அவள் பாஷையிலேயே கேட்டேன்.

"முறை வச்சுத் தண்ணி விடுறாங்க. உன் முறையில நீ மடையத் தொறக்கலன்னா தண்ணி என்னடி பண்ணும்?"

"அடுத்தாளு வயலுக்குப் போயிடும்."

"நாளைக்கு சாயங்காலத்தோட உன் முறை முடியுது."

துண்டு கையிலிருந்து விழுந்தது. அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. ஈரத்தலையை அள்ளி முடிந்து, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மண்வெட்டி ஒன்றுதான் பாக்கி என்கிற மாதிரி லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தாள். உடனே கரண்ட் போயிற்று, கூடவே வைஃபையும் போயிற்று. மாதாந்திரப் பராமரிப்பு, மாலை ஐந்து மணிக்குத்தான் வரும் என்று வார்டன் கீழேயிருந்து குரல் கொடுத்தார். அந்த அறிவிப்பை மட்டும் கடைமடை உடனே நம்பினாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று நான் போனை உயர்த்திப் பிடிக்க, சிக்னல் வருவதும் போவதுமாக இருக்க, கீழே அவள் சம்மதம் என்ற இடத்தை ஏழெட்டு தடவை அமுக்கினாள். ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தது. நான் தொட்டியிலிருந்து குதித்து அவளைக் கட்டிக்கொண்டேன். அவர்கள் அதைப் பார்த்தார்களா என்று தெரியவில்லையே என்றாள்.

செப்டம்பரில் திருச்சி விமான நிலையத்துக்கு அவள் அப்பாவும் நானும் போனோம். மனிதர் அதுவரை ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. உள்ளே போகும் நேரத்தில் மகளிடம், "போய்ச் சேந்ததும் போன் பண்ணும்மா. அப்பறம் ஊர்ல சொல்லிக்கிறேன்" என்றார். எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டாள். அறை கொடுத்துவிட்டார்களாம், சாவி கையில் இருக்கிறதாம், முதல் மாதப் பணமும் வந்துவிட்டதாம். பிறகு, "உண்மைதான் போலருக்குடி" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழுதாள். நானும் அழுதேன்.

அந்த உப்புமாத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தை அவளிடம் இதுவரை சொன்னதில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

அவள் கிளம்பிய வாரத்திலேயே அவள் கட்டிலுக்குப் புதுப் பெண் வருவதாக வார்டன் சொன்னார். கூடத்தில் என் வேலையை நீட்டித்திருந்தார்கள். அது முடிந்து வேறு வேலைக்கு நான் காலி செய்ய இன்னும் நாலு மாதம் இருந்தது. அதுவரை யாரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். மூட்டைப்பூச்சி என்று சொன்னேன்.