எதிரே இருப்பவருக்குக் கண் கூசுமா?

“எதிர்ல இருக்கறவங்களுக்குக் கண்ணு கூசுமா?” என்று காரின் ஹெட்லைட்டைக் காட்டிப் பெரியவர் மறுபடியும் கேட்டார்.

விற்பனையாளருக்குப் புல்லரித்தது. சொகுசு கார் வாங்க வருகிறவர்கள் சீட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், டிக்கியைத் திறந்து மூடுவார்கள், விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் கேட்பார்கள். எதிரே வருகிறவனின் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரு ஜீவனை அவர் இன்றுதான் பார்க்கிறார்.

சக ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒளிவட்டம். ‘ஹெட்லைட் என்று சொல்லாதீர்கள், ஒளி அனுபவம் என்று சொல்லுங்கள்’ என்று பயிற்சி வகுப்பில் சொன்னதை அந்த ஷோரூமில் நம்பிய ஒரே ஆள் அவர்தான். மாமனார் வீட்டில் தன்னை ‘லைட்டிங் கன்சல்டன்ட்’ என்றே சொல்லி வைத்திருந்தார். அந்தப் பட்டத்துக்குத்தான் இப்போது ஆபத்து. காலையில் மேலாளர் கூப்பிட்டு, “சாயங்காலத்துக்குள்ள உங்க கையால ஒரு வண்டியாவது வெளிய போகணும். இல்லைன்னா நாளையிலேர்ந்து நீங்க ஸ்பேர் பார்ட்ஸ் குடோன்ல. கோட்டு தேவைப்படாது, இங்கயே கழட்டி வெச்சிடுங்க” என்று தன்மையாகச் சொல்லியிருந்தார்.

“துளிகூடக் கூசாது சார். வாங்க, காட்டறேன்.”

கீழ்த்தள பார்க்கிங்கில் விளக்குகளை அணைக்கச் சொன்னார். பெரியவரும் அவர் மனைவியும் வண்டிகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

“இது மேட்ரிக்ஸ் சார். ஒரே விளக்கு இல்ல, குட்டிக் குட்டியா நிறைய எல்.ஈ.டி. எதிர்ல வண்டி வந்தா கேமரா பாத்துடும். அங்க அடிக்கறதை மட்டும் அணைச்சிடும். மத்த இடமெல்லாம் பட்டப்பகல்.”

சொன்னதோடு நிற்காமல், இடுப்புக்கு இரண்டு பக்கமும் டார்ச் விளக்குகளைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு எதிரே போய் நின்றார். கேமரா அவரை எதிரே வரும் கார் என்று நம்பிவிட்டது. அவருடைய மாமனார்கூட அவரை அவ்வளவு பெரிதாக நினைத்ததில்லை. பின்சுவர் முழுக்க வெளிச்சம், அவர் மேல் மட்டும் கத்தரித்து வைத்தாற்போல் இருட்டு.

“பாத்தீங்களா? கண்ணைச் சிமிட்டக்கூட இல்ல!”

“கொஞ்சம்கூடவா கூசலை?” பெரியவரின் குரல் இறங்கிவிட்டது.

நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது என்று ஒளிவட்டம் நினைத்தார். இப்படிப்பட்ட கருணை மனசுக்கு மேட்ரிக்ஸ் போதாது.

“அப்ப லேசர் பாருங்க சார். அரை கிலோமீட்டருக்கு மேல அடிக்கும்.”

பெரியவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “அரை கிலோமீட்டரா! அவ்ளோ தூரம் எதுக்கு தம்பி... ஒரு ரோடு அகலத்துக்கு எப்படி இருக்கும்?”

“பயப்படாதீங்க சார். நல்ல வேகத்துல, எதிர்ல யாருமே இல்லாதப்பதான் எரியும்.”

“வண்டி நின்னுக்கிட்டிருந்தா?”

“எரியவே எரியாது!”

பெரியவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் வேண்டாமென்று தலையை அசைத்தார். ஒளிவட்டம் கடைசி அஸ்திரமாக, இருப்பதிலேயே விலை உயர்ந்த வண்டியின் மேலிருந்த துணியை உருவினார்.

“இது டிஜிட்டல் சார். விளக்குக்குள்ள லட்சக்கணக்குல பொடிக் கண்ணாடி. ரோட்டுல அம்புக்குறி போடும், கோடு போடும். எதிராளி கண்ணு எங்க இருக்கோ அங்க மட்டும் வெளிச்சத்தை எடுத்துடும்.”

நிரூபிக்க மேலாளரையே கீழே வரவழைத்தார். மேலாளர் வாழ்நாளில் முதன்முறையாக டார்ச்சுகளைப் பிடித்துக்கொண்டு, புகைப்படத்துக்கு நிற்பதுபோல் சிரித்தபடி வண்டியின் முன் நின்றார். முழு வெளிச்சம் போட்டும் சிரிப்பு கலையவில்லை.

“எப்படி சார் இருக்கு?” என்று கத்தினார் ஒளிவட்டம்.

“தென்றல் மாதிரி இருக்கு!” என்றார் மேலாளர்.

பெரியவர் எழுந்து வேட்டிபோல் தொளதொளத்த பேன்ட்டைத் தட்டிவிட்டார். “எல்லாம் ரொம்ப நல்ல வண்டி தம்பி. நமக்கு ஒத்து வராது. வர்றோம்.”

மேலாளர் டார்ச்சுகளை ஒளிவட்டத்தின் கையில் திணித்தார். “குடோன்ல வெளிச்சம் கம்மி. இதையும் எடுத்துட்டுப் போங்க.”

ஒளிவட்டம் விடவில்லை. பெரியவரின் பின்னாலேயே, “சார், டெஸ்ட் டிரைவ்... சார், சன்ரூஃப்...” என்று பின்வாசல் வரைக்கும் ஓடினார். மேலாளரும் வேடிக்கை பார்க்க வந்தார். அங்கே எக்ஸ்சேஞ்சில் வந்து, உடைக்கப் போக வேண்டிய கிழட்டு ஜீப் ஒன்றை மெக்கானிக் நகர்த்திக்கொண்டிருந்தார். பழைய சொந்தக்காரர் ஆசைப்பட்டு அதில் ஏதோ லாரி பல்புகளை மாட்டியிருந்தார். இரண்டும் வானத்தைப் பார்த்து வளைந்திருந்தன. மெக்கானிக் தெரியாமல் சுவிட்சைத் தட்டினார்.

“ஐயோ!” என்று மேலாளர் தூணில் முட்டிக்கொண்டார். ஒளிவட்டம் டார்ச்சுகளைப் போட்டுவிட்டு முகத்தை மூடினார். மூடிய கண்ணுக்குள்ளும் இரண்டு சூரியன்கள் எரிந்துகொண்டிருந்தன.

“ஆஹா!” என்று ஒரு குரல் கேட்டது. பெரியவருடையது. “தம்பி, இது என்ன விலை?”

“சார், இது விக்கற வண்டி இல்ல. உடைக்கப் போறது. எதிர்ல இருக்கறவன் குருடாயிடுவான்!”

“அது தெரியுது. விலை?”

“பல்பையாவது மாத்தி, லைட்டை நேராக்கித் தர்றோம் சார்...”

“கை வெச்சீங்கன்னா வேணாம். நின்னுக்கிட்டே எரியுதுல்ல?”

“எஞ்சினே ஓடலைன்னாலும் எரியும்” என்றார் மெக்கானிக்.

பெரியவர் அங்கேயே பணத்தைக் கட்டினார். நெற்றியைத் தடவிக்கொண்டிருந்த மேலாளர், “வண்டின்னா வண்டிதான். கோட்டைக் கழட்ட வேணாம்” என்று முணுமுணுத்தார். ஒளிவட்டத்துக்கு உயிர் வந்தது. மரியாதையாகச் சாவியை நீட்டினார்.

“ஓட்டிட்டுப் போறீங்களா சார்?”

“எங்க ரெண்டு பேருக்குமே வண்டி ஓட்டத் தெரியாதே தம்பி” என்றார் பெரியவர்.

அந்த அம்மாள் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

“கொண்டாந்து விடறவர்கிட்ட சொல்லிடுங்க தம்பி. வண்டி மூஞ்சி எதிர் வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பாத்து நிக்கணும், அவங்க புது வண்டி லைட்டைப் போட்டுக்கிட்டு எங்க ஜன்னலைப் பாத்து நிக்கற மாதிரியே.”