இறக்கைக்கு வந்த கீல்வாதம்

தரையில் தன் பேச்சை ஒரு ஜீவனும் கேட்பதில்லை, வானத்திலாவது ஒன்று கேட்கட்டும் என்று நல்லகாமன் முடிவெடுத்தார். பெங்களூருக்குச் சொல்லி ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானம் வரவழைத்தார். மனிதர் விமானப்படையில் இருந்தவர். இருந்தது ஸ்டோர் ரூமில். அதை யாரும் கேட்டால்தான் சொல்வார், கேட்டாலும் சொல்லமாட்டார்.

விமானம் துண்டு துண்டாக வந்தது. இறக்கை ஓரத்துப் பட்டை மேலும் கீழும் ஆடினால்தான் திரும்பும். அதை இறக்கையோடு சேர்ப்பது விரல்நகம் அளவே உள்ள பிளாஸ்டிக் கீல். கீலின் இரண்டு இதழிலும் பசை பிடிக்கணும், நடு மடிப்பில் பிடிக்கக் கூடாது. அதற்கு மடிப்பில் பிசுக்காக எதையாவது தடவணும். வாசலின் வாங்கக் கடைக்குப் போகணும். சம்சாரம் தங்கப்பொண்ணுவின் முட்டிவலிக் களிம்போ கைக்கெட்டின தூரத்தில் இருந்தது.

அவளுக்குக் கீல்வாதம். படிக்குப் படி முனகித்தான் மாடி ஏறுவாள். பசுமலை டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி ஞாயிறு தவறாமல் கேட்டாள். ஞாயிறு தவறாமல் அவர் கீல் ஒட்டினார்.

"களிம்பு கரையுதே, நீங்க எடுத்தீகளா?"

"நான் எதுக்கு எடுக்கப் போறேன்? நீதான் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அப்புற."

"எனக்கும் கீல்தான், அதுக்கும் கீல்தான். எதப் பாக்குறீக?"

"அது பறக்கணும்டி."

"நான் நடக்கணும்."

சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் ஆம்பளை இல்லையா, விட்டுக்கொடுக்க முடியுமா?

"இந்த ஞாயிறு பறந்துருச்சுன்னா, அடுத்த ஞாயிறு டாக்டர்."

"பறக்கலைன்னா?"

"அன்னிக்கே வாரேன், போ."

அவள் திரும்பி உள்ளே போனாள். அவள் பேசாமல் போனால் பயப்படணும் என்கிற புத்தி, கல்யாணமாகி இம்புட்டு வருசமாகியும் அவருக்கு வரவில்லை.

சனிக்கிழமை கீல்களைச் செருகினார். டப்பாவை வழித்து மடிப்பில் தடவினார். காலையில் பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவே இல்லை. அம்புட்டு உறுதி. பூரித்துப்போனார்.

கண்மாய்ப் பொட்டலுக்கு எதிர்வீட்டு ஹாலாஸ்யத்தையும் வலிய அழைத்துப் போனார்.

"எல்லாம் உறுதியா இருக்கோல்லியோ?"

"அசையாது அண்ணே."

ரிமோட்டைத் தட்டினார். உள்ளே குட்டி மோட்டார் முக்கி முனகியது. மாடிப்படியில் கேட்கிற அதே முனகல். பட்டை ஆடவில்லை.

"அசையாம எப்படிப்பா பறக்கும்?" என்று கேட்டுவிட்டு ஹாலாஸ்யம் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

நல்லகாமன் விமானத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு திரும்பினார். வாசலில் தங்கப்பொண்ணு நல்ல சேலை கட்டி, பையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, பறக்கலையா?"

"கீல் பிடிச்சுக்கிருச்சு."

"அடப் பாவமே. களிம்பு தடவலையா?"

"தடவாம இருப்பனா? உன் டப்பாவையே வழிச்சுத் தடவினேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"மேலாக்கத்தான் களிம்பு. அடியில நான் ஊத்தி வச்சது அலமாரி செய்ய வந்த ஆசாரி விட்டுட்டுப் போன பசை. என் வலிய நம்பலைன்னாக்கூட ஆறிருப்பேன். நான் அப்புறேன்னீகளே, அதுதான் ஆறல."

அவருக்கு வாயும் பிடித்துக்கொண்டது. தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. தங்கப்பொண்ணு முட்டியைப் பிடித்தபடி எழுந்தாள்.

"அதையும் தூக்கிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான, டாக்டர் சேத்துப் பாத்துருவாரு."