எங்கள் வீட்டுக்கு அடியில் கருங்கல்

இந்த ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். வாய்விட்டு எடுக்கும் அளவுக்குத் துணிச்சல் கிடையாது.

என் மனைவி தையல்காரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். எலுமிச்சைக் கன்று ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, "கொல்லையில மூணடிக்கு ஒரு குழி வெட்டிக் குடுங்க" என்று சொல்லி நாலு வாரம் ஆகிறது. முதல் வாரம் எனக்கு இடுப்பு வலி. இரண்டாவது வாரம் மழை. மூன்றாவது வாரம் மழையால் வந்த இடுப்பு வலி. அதோடு கைச்சரக்கு தீர்ந்தது.

கைகொடுத்தது கம்ப்யூட்டர். அதில் பூமி உருண்டையைச் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக் கூரைவரை இறங்கலாம். மண்ணுக்குள் எங்கே பாறை, எங்கே மணல் என்று வண்ணத்தில் காட்டும் வரைபடத்தை எடுத்து, அடியில் இருப்பதும் தெரியும்படி அதன் மேல் போர்த்தலாம். போர்த்தினேன். நாலு மூலையையும் என் இஷ்டத்துக்கு இழுத்து ஒட்டினேன். எங்கள் வீடு முழுக்க ரோஜா நிறம். ரோஜா என்றால் கருங்கல். எனக்கு ஆனந்தக் கண்ணீர்.

"இங்க வந்து பாரு. நம்ம கொல்லை பூரா கருங்கல்லு. வெடி வச்சாத்தான் குழி."

கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"இந்த நீலக்கோடு என்னங்க?"

"வரைபடத்துல இருக்கற ஆறு."

"அப்ப அடியில தண்ணி தெரியுதே, அது?"

"அதுவும் ஆறுதான்."

"நம்ம ஊருல எத்தனை ஆறு?"

"ஒண்ணு."

நைசாக வரைபடத்தை மூடப் பார்த்தேன்.

"மேல் தாள் நழுவியிருக்குங்க. அளவுக் காகிதத்தைத் துணி மேல கோணலா வச்சு வெட்டினா, கழுத்து வர்ற இடத்துல கக்கம் வரும். தள்ளுங்க."

மவுஸைப் பிடுங்கினாள். ஆற்றின் மேல் ஆறு, பாலத்தின் மேல் பாலம். ரோஜா நிறம் எங்கள் கூரையிலிருந்து வழுக்கிப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரர் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்தது. எங்களுக்கு மஞ்சள்.

"மஞ்சள்னா?"

"ஆத்து மணல்," என்றேன்.

"மாவு மாதிரி இருக்கும். அந்த வேலி மூலையில வெட்டுங்க."

வெட்டினேன். ஒரு சாண்கூட இறங்கவில்லை. டங்! பாறையைப் பார்த்து அப்படிச் சிரித்த ஆம்பளை உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

"ஓடி வா! கருங்கல்லு! நான் ஒட்டினதுதான் சரி, நீ நகர்த்தினது தப்பு!"

வந்தாள். குனிந்து மண்ணைத் துடைத்தாள். வழவழவென்று இருந்தது. ஒரு முனை உடைந்திருந்தது.

"ஏங்க, வாஷிங் மெஷின் வந்தப்போ பழைய துவைக்கிற கல்லை ஊருக்கு வெளியே சுமந்துட்டுப் போய்ப் போட்டேன்னு சொல்லி, ரெண்டு நாள் முதுகுக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டீங்களே?"

அதை உருட்டிக்கொண்டு போய் இதே மூலையில் தள்ளி மண்ணைப் போட்டு மூடியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடப்பாரையைப் பார்த்தேன். அது வேறு பக்கம் பார்த்தது.

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது வாரம் மழை பெஞ்சுதே, அதுல முனை வெளிய எட்டிப் பார்த்துச்சு. நான்தான் மறுபடி மூடி வச்சேன். இப்ப நிஜமாவே சுமந்துட்டுப் போய்ப் போட்டுட்டு வாங்க."

"அப்புறம் இதே குழியில கன்னை நட்டுடலாம்ல?"

"மூலையில யாராவது எலுமிச்சை நடுவாங்களா? வந்ததும் நடுக்கொல்லையில மூணடிக்கு வெட்டுங்க."