பன்னிரண்டு நிமிடத் தாமதம் குறித்த விசாரணை

எங்கள் காஞ்சிபுரத்தில் பட்டுத் தர ஆய்வு அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. கடைகளில் விற்கும் பட்டு, பட்டுதானா என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. அதற்கு ஒரு வெள்ளைக் கார் உண்டு, வயது பதினாலு. காலை பத்து மணிக்குச் சாவியைத் திருகினால், தெரு முழுக்கக் கேட்கும்படி ‘கிர்ர்... கிர்ர்...’ என்று முனகி, பத்து பன்னிரண்டுக்குத்தான் ஸ்டார்ட் ஆகும். இதை யாரும் குறையாக நினைக்கவில்லை. அந்த அலுவலகத்தில் பன்னிரண்டே நிமிடத்தில் முடிகிற ஒரே காரியம் அதுதான்.

டிரைவர் ராஜவேலுவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. டிரிப் ஷீட்டில் உண்மையை எழுதுவார். ‘புறப்பட்ட நேரம் 10.12’ என்று அவர் எழுதியதை மூன்று வருடம் யாரும் படிக்கவில்லை. நாலாம் வருடம் சென்னையில் யாரோ பொழுது போகாமல் படித்துவிட்டார். உடனே கடிதம் வந்தது: மேற்படி தாமதத்துக்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் கண்டறிந்து தெரிவிக்க வேண்டும், தவறினால் ஓட்டுநர் ராமநாதபுரத்துக்கு மாற்றப்படுவார்.

ராஜவேலுவின் மனைவி நதியா அப்போதுதான் ஓரிக்கையில் தையல் கடை போட்டிருந்தாள். ஜாக்கெட் தைக்கக் கூட்டம் சேர ஆரம்பித்த நேரம். அதை விட்டுவிட்டு எங்கே போவது? ராஜவேலு நேராக உதவி இயக்குநர் தேவேந்திரன் அறைக்குப் போனார்.

“சார், பேட்டரி டெர்மினல்ல பச்சையா பூத்துக்கினு இருக்குது. கரண்ட் சரியா ஏற மாட்டேங்குது. உப்புத்தாள் போட்டுத் தேச்சா ரெண்டே நிமிஷம்.”

“அதை நீ எப்படிப்பா சொல்லலாம்?”

“இருபது வருஷமா வண்டி ஓட்டிக்கினு இருக்கேன் சார்.”

“ஓட்டறது உன் வேலை. கண்டுபிடிக்கிறது தொழில்நுட்பப் பிரிவோட வேலை. போன வருஷம் நீயா வைப்பர் மாத்தி மெமோ வாங்கினது மறந்துபோச்சா?”

தொழில்நுட்பப் பிரிவு என்பது கலைவாணி மேடம். புடவையிலிருந்து ஒரு இழையை உருவுவார், கொளுத்துவார், முகர்ந்து பார்ப்பார். முடி கருகும் வாசனை வந்தால் பட்டு. பிளாஸ்டிக் வாசனை வந்தால் மோசடி.

“எனக்குப் பட்டு மட்டும்தான் சார் தெரியும்.”

“அதனால என்னம்மா? படிவம் இருக்குது இல்ல? நிரப்புங்க.”

கலைவாணி மேடம் மனசாட்சி உள்ளவர். புடவைச் சோதனைக்கான அந்தப் படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூட விடவில்லை. சீட் உறையில் ஒரு நூலும், ஹாரன் ஒயரில் ஓர் அங்குலமும் வெட்டி எடுத்துக் கொளுத்தினார். ராஜவேலு தலையில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். ஆறாம் நாள் அறிக்கை தயாரானது.

‘மாதிரி ஒன்று: பட்டு அல்ல. மாதிரி இரண்டு: பட்டு அல்ல. பாவு, ஊடை: காணப்படவில்லை. கோர்வை (உடலும் கரையும் சேரும் இணைப்பு): கதவுக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் விட்டிருக்கிறது. ஜரிகை: இல்லை, எனவே போலி ஜரிகையும் இல்லை. மேற்கண்ட எதுவும் தாமதத்துக்குக் காரணமல்ல. வாகனத்தில் குறை இல்லாததால், குறை நேரத்தில்தான் இருக்க வேண்டும்.’

தேவேந்திரன் இதை இரண்டு முறை படித்து உருகிப்போனார். வாகனம் புறப்பட வேண்டிய நேரம் இனி 10.12 என்று அன்றே சுற்றறிக்கை போட்டார். சென்னை மகிழ்ச்சியுடன் ஒப்புதல் தந்தது. சாவியைப் பத்து மணிக்கே திருக வேண்டும். தேவேந்திரன் பின் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்து முடிக்கும்போது கார் சரியான நேரத்துக்குப் புறப்படும். ராஜவேலுவின் மாற்றல் ரத்தானது.

வீட்டில் நதியா விழுந்து விழுந்து சிரித்தாள். “கார் கிளம்பலன்னு மணியையே மாத்திட்டாங்களா? என் மெஷின்ல ஊசி ஒடிஞ்சா நான் என்ன தீபாவளியைத் தள்ளியா வெக்கிறேன்?”

அந்தச் சிரிப்புதான் ராஜவேலுவை உறுத்தியது. இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்த மனுஷனுக்கு ரோஷம் இருக்காதா? மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்னால் டெர்மினலைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டினார்.

பத்து மணிக்குச் சாவியைத் திருகினார். கார் ஒரே உறுமலில் கிளம்பியது. பேப்பரை விரித்த தேவேந்திரன் திடுக்கிட்டார்.

“என்னப்பா இது?”

“ஸ்டார்ட் ஆயிடுச்சி சார்.”

“இப்பவேவா?”

அன்றைய சோதனை சின்ன காஞ்சிபுரத்தில் கதிர்வேலின் ஜவுளிக் கடையில். முனகல் இல்லை, ஒயர் போனதால் ஹாரனும் இல்லை. கார் பூனை மாதிரி போய் நின்றது. உள்ளே போனால், சுத்தப் பட்டு என்று சீட்டு ஒட்டிய நாற்பது புடவைகள் மேஜை மேலேயே கிடந்தன. கலைவாணி மேடம் கொளுத்திய ஒவ்வொரு இழையும் பிளாஸ்டிக் வாசனை அடித்தது.

கதிர்வேல் கொதித்தார். “என்னா சார் அநியாயம் இது? வழக்கமா உங்க வண்டி முனக ஆரம்பிச்சதும் உங்க ஆபீஸ் எதிர் டீக்கடையில இருந்து போன் வரும். பன்னெண்டு நிமிஷத்துல எல்லாத்தையும் பரண் மேல ஏத்திடுவோம். சொல்லாம கொள்ளாம இப்பிடியா வந்து நிப்பீங்க?”

தேவேந்திரனுக்கும் ஆத்திரம்தான். அலுவலகம் திறந்த நாளிலிருந்து ஒரு வழக்கும் பதிவானதில்லை. எந்தப் படிவத்தில் எழுதுவதென்றே அவருக்குத் தெரியவில்லை. கடைக்காரர்கள் மனு போட்டார்கள்: ‘வாகனம் முன்னறிவிப்பின்றி ஸ்டார்ட் ஆவதால் வியாபாரம் பாதிக்கப்படுகிறது.’ ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது. அரசு வாகனத்தின் அங்கீகரிக்கப்பட்ட தாமதத்தை அனுமதியின்றி அகற்றிய குற்றத்துக்காக ராஜவேலு ராமநாதபுரத்துக்கு மாற்றப்பட்டார். நாற்பது புடவைகளும் மேல் விசாரணைக்காகக் கதிர்வேல் கடையிலேயே பத்திரமாக வைக்கப்பட்டன.

நதியா கடையைக் காலி செய்து, தையல் மெஷினைக் குட்டியானை வண்டியில் ஏற்றுவதை நான் நின்று பார்த்தேன். ராஜவேலு தங்கமான மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு மனக்கசப்பும் இல்லை. ஆனால் என் மகள் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுத்தது கதிர்வேல் கடையில்தான், சம்பந்தி வீட்டாரும் செய்தித்தாள் படிக்கிறவர்கள்தான். ஆகவே கடைக்காரர்கள் ஊராரிடமும் நீட்டிய அந்த மனுவில் எழுபத்து மூன்றாவது கையெழுத்து என்னுடையது. எழுபத்து நான்காவதாகப் போட யாராவது வருவதற்குள் பேனாவை வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று பார்த்தால், பின்னால் தெருக்கோடி வரை வரிசை நின்றது.